ஏறிக் கழிந்த உருபு

சின்னக் காஞ்சிபுரத்தில், திருவெஃகா என்று ஆழ்வார்கள் பாடிய தலத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தமிழில் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’; வடமொழியில் ‘யதோக்தகாரி’. ஒன்றின் மொழிபெயர்ப்பே மற்றொன்று என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். கதையும் ஒன்றுதான். கணிகண்ணனை அரசன் ஊரைவிட்டுத் துரத்துகிறான், அவருடைய ஆசாரியரான திருமழிசையாழ்வார் பெருமாளையும் படுக்கையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்கிறார், பெருமாள் கிளம்பிவிடுகிறார். அரசன் பணிந்ததும் திரும்பி வந்து படுக்கச் சொல்கிறார், பெருமாள் படுத்துக்கொள்கிறார். ஆனால் இந்த இரண்டு பெயர்களையும் இலக்கணக் கண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை ஒன்றையே சொல்லவில்லை என்பது தெரியும். ‘செய்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ஒரு நாள் நடந்தது, முடிந்தது. ‘காரி’ என்பது காலம் காட்டாத பெயர்; செய்பவன், செய்வதே இயல்பாக உடையவன். தமிழ்ப் பெயர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது, வடமொழிப் பெயர் ஒரு குணத்தைச் சொல்கிறது. அடியார் சொல்லுக்கு இறைவன் கட்டுப்பட்டது ஓர் ஆழ்வாருக்காக ஒரே ஒரு முறை செய்த அருளா, அல்லது அவனுடைய மாறாத சுபாவமா? பக்தி நூல்கள் பக்கம் பக்கமாக விசாரிக்கும் இந்தக் கேள்வி, ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குப் போகும்போது யாரும் கேட்காமலே முளைத்துவிடுகிறது.

தமிழ்ப் பெயரெச்சம் காலம் காட்டியே தீரும், அதனால் வந்தது இது என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. தமிழில் வினைத்தொகை இருக்கிறது. ஊறுகாய் என்றால் ஊறிய காயா, ஊறுகின்ற காயா, இனி ஊறப்போகும் காயா என்று சொல் வாய் திறப்பதில்லை; மூன்று காலமும் அதற்குள் ஒளிந்து நிற்கின்றன. காலத்தை மறைக்கும் வழி மொழியில் இருந்தும் பெயரிட்டவர்கள் ‘செய்த’ என்றே வைத்தார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1959-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மொழிகள் எதைச் சொல்ல முடியும் என்பதில் பெரிதாக வேறுபடுவதில்லை, எதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதில்தான் வேறுபடுகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அதோடு நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு மொழி எதைச் சொல்லாமல் விடலாம் என்று அனுமதிக்கிறதோ, அந்த இடத்தில்தான் சமயம் பேசத் தொடங்குகிறது. தத்துவத்தை இலக்கணம் உண்டாக்குவதில்லை. ஆனால் தத்துவச் சண்டை எந்தத் திண்ணையில் நடக்கவேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. காஞ்சியின் மண்ணில் இதற்கு இருக்கிற சான்று, ஒலிக்காத ஒரு வேற்றுமை உருபு.

வைணவர்களின் எட்டெழுத்துத் திருமந்திரத்தில் மூன்று சொற்கள்: ஓம் என்னும் பிரணவம், நமஸ், நாராயணாய. கடைசிச் சொல்லில் ‘ஆய’ என்பது வடமொழியின் நான்காம் வேற்றுமை, நம்முடைய ‘கு’. அது காதில் விழுகிறது. இதே நான்காம் வேற்றுமை முதற்சொல்லான பிரணவத்திலும் இருக்கிறது என்பது ஸ்ரீவைணவ ஆசாரியர்களின் வாதம். அ, உ, ம என்று பிரணவத்தைப் பிரிக்கிறார்கள். ‘அ’ திருமாலைக் குறிக்கும். ‘ம’ உயிரைக் குறிக்கும். நடுவில் உள்ள ‘உ’ நம்முடைய பிரிநிலை ஏகாரத்தின் வேலையைச் செய்யும். அப்போது ‘அ’வுக்கும் ‘ம’வுக்கும் என்ன உறவு? ‘அ’வின்மேல் நான்காம் வேற்றுமை உருபு ஏறி, பின் மறைந்துவிட்டது, ஆகவே ‘உயிர் அவனுக்கே உரியது’ என்பதுதான் பொருள். பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் இதை ‘ஏறிக் கழியும்’ என்ற சொல்லால் குறிக்கிறார். வேத மொழியில் வேற்றுமை உருபுகள் கெட்டு நிற்கலாம் என்று பாணினியே தம் ஏழாம் அத்தியாயத்தில் இடம் கொடுத்திருக்கிறார். இந்த வாசிப்பை முதலில் வடமொழிச் சுலோகங்களாகக் கட்டிக்கொடுத்தவர் 12-ஆம் நூற்றாண்டின் பராசர பட்டர், அஷ்டசுலோகீ அவருடையது. அவருடைய தந்தையார் கூரத்தாழ்வான் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்ற ஊர்க்காரர். காஞ்சியின் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர், 32 அதிகாரங்கள் கொண்ட தம் ரகசியத்ரயசாரத்தில் இந்த உருபை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். உயிர் யார், யாருக்காக இருக்கிறது என்ற கேள்வியின் மொத்தப் பாரத்தையும் இவர்கள் ஒலிக்காத ஓர் உருபின் தலையில் வைத்தார்கள்.

இதற்கு முதல் மறுப்பு இலக்கணத்திலிருந்தே வருகிறது, அதுதான் கூர்மையானதும்கூட. நமஸ் என்ற சொல் வந்தால் அதோடு சேரும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கவேண்டும் என்பது பாணினியின் விதி (2.3.16). அதாவது ‘நாராயணாய’ என்பதில் உள்ள உருபு, பக்கத்தில் ஒரு சொல் நிற்பதால் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. உபபத விபக்தி என்று இதற்குப் பெயர். அதற்கென்று தனிப்பொருள் கிடையாது. ‘நாராயணனுக்கு வணக்கம்’ என்பதற்குமேல் அங்கே எதையும் தோண்டக்கூடாது; அப்படியிருக்க, பிரணவத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றையும் கற்பிப்பானேன்? மறுப்பாளர் விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தால் அவர் வென்றுவிட்டார் என்றே சொல்லலாம். ஆசாரியர்கள் விதியோடு மோதவில்லை, சொல்லைப் பிரித்தார்கள். ‘நம:’ என்பதை ‘ந’ என்றும் ‘ம:’ என்றும் இரண்டாக்கினார்கள். ‘ம:’ ஆறாம் வேற்றுமை, ‘எனக்கு உரியவன்’ என்கிறது. ‘ந’ அதை மறுக்கிறது. ‘நான் எனக்கு உரியவன் அல்லன்’ என்பது ஒரு தனி வாக்கியமாகிவிட்டது. வணக்கம் என்ற வெளிப்படையான பொருளை இவர்கள் தள்ளிவிடவும் இல்லை; அது பருப்பொருள், இது நுண்பொருள் என்று அடுக்கினார்கள். நுண்பொருளில் ‘நாராயணாய’ தனியே நிற்கிறது. அதைப் பிடித்திருந்த நமஸ் போய்விட்டதால், அதன் நான்காம் வேற்றுமைக்குத் தனிப்பொருள் தேடவேண்டிய கட்டாயம் வருகிறது. கிடைத்த பொருள் தாதர்த்தியம், ‘அதன்பொருட்டு இருத்தல்’. பாணினி நேராகச் சொல்லாத இதை வார்த்திகமாகச் சேர்த்தவர் காத்தியாயனர். இலக்கண நூல்கள் காட்டும் பழைய உதாரணம் வேள்வித் தூணுக்கு உரிய மரம். மரம் தூணுக்கு. தூண் ஆவதைத் தவிர அந்த மரத்துக்கு வேறு நோக்கம் இல்லை. தொல்காப்பியத்தின் உரையாசிரியர்கள் அரைஞாணுக்குப் பொன் என்பதுபோன்ற உதாரணத்தைத் தருகிறார்கள். காஞ்சித் தறிக்காரர் ‘இது இன்ன சேலைக்குப் பாவு’ என்று சொல்லும்போது வருவதும் இதே ‘கு’தான்.

மறுப்பாளர் இதை விடமாட்டார். சொல்லை உடைத்துப் பொருள் எடுப்பது இலக்கணம் அல்ல, வித்தை என்பார். நியாயமான எரிச்சல்தான். ஆனால் அவர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த வித்தை எங்கே நடக்கிறது? உருபு ஒலிக்கிற இடத்தில் அல்ல. ‘நாராயணாய’ என்பதை ‘நாராயணம்’ என்று மாற்றிப் பொருள் சொல்ல எந்த ஆசாரியரும் துணியவில்லை. சொல் எங்கே பிரிகிறது என்று ஒலி காட்டாத இடத்தில், உருபு மறைந்த இடத்தில் மட்டுமே அவர்கள் கை வைக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடு எல்லாத் தரப்புக்கும் பொது. தத்துவமசி என்ற மகாவாக்கியத்தைப் பாருங்கள். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒன்பது முறை வருகிறது. அது, நீ என்ற இரண்டு சொற்களும் முதல் வேற்றுமையில் நிற்கின்றன. நடுவே எந்த உறவும் சொல்லப்படவில்லை. சங்கரர் மரபில் இரண்டும் தம் வேறுபாடுகளை உதிர்த்துவிட்டு ஒரே பொருளைக் காட்டுகின்றன. இராமானுசர் சாமானாதிகரண்யம் என்ற இலக்கணக் கருத்தைக் கையில் எடுக்கிறார். வெவ்வேறு காரணம்பற்றி வழங்கும் சொற்கள் ஒரே பொருளில் சென்று சேர்வதுதான் அது. அப்படியானால் சொற்களின் வேறுபாட்டை உதிர்க்கத் தேவையில்லை. ‘நீ’ என்ற சொல் உயிரை உடலாகக் கொண்ட பரம்பொருள்வரை நீண்டு செல்கிறது என்கிறார். மத்வர் புணர்ச்சியைப் பிடித்தார். முன்னே நிற்கும் ஆத்மா என்ற சொல்லின் நெடிலுக்குள் ஓர் அகரம் கரைந்திருக்கலாம் அல்லவா? அந்த அகரத்தை மீட்டால் ‘அதத்’ என்றாகி, ‘நீ அது அல்லை’ என்று வாக்கியமே தலைகீழாகிவிடும். 1986-இல் ஜோயல் பிரெரட்டன் என்ற அறிஞர் பால் இயைபைக் காட்டி இன்னொரு வழி சொன்னார். ‘தத்’ அஃறிணைபோல் நிற்கும் சொல், அந்தக் காலத்து வழக்குப்படி ‘நீ’யோடு சமமாக அது நிற்காது, ஆகவே ‘நீ அப்படிப்பட்டவன்’ என்பதே பொருள் என்றார். சமயச் சார்பு இல்லாத ஆய்வாளரும் அதே திண்ணையில் வந்துதான் உட்கார்ந்தார்.

பிரணவத்துக்கும் இது அப்படியே பொருந்தும். மாண்டூக்கிய உபநிடத வழியில் அ, உ, ம மூன்றும் விழிப்பு, கனவு, ஆழ்உறக்கம் என்னும் நிலைகள். அவற்றுக்கு அப்பால் ஒலியே இல்லாத துரீயம் என்னும் நான்காவது. அங்கே உறவு முதல் வேற்றுமை உறவு. இது அதுவே. ஸ்ரீவைணவ வாசிப்பில் உறவு நான்காம் வேற்றுமை உறவு. இது அதற்கு. அத்வைதத்துக்கும் விசிஷ்டாத்வைதத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால், முதல் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் உள்ள தூரம் என்றுதான் சொல்வேன். இரு தரப்பும் ஒலிக்காத ஒரு ‘நான்காவதன்’ மேல்தான் கட்டடம் எழுப்பியிருக்கின்றன என்பது ஒரு வேடிக்கை. எல்லா மறைவும் சண்டையில்தான் முடியவேண்டும் என்றும் இல்லை. நாராயண என்பதே ஒரு தொகை. நாரங்களுக்கு, அதாவது உலகப் பொருள்களுக்கு, இருப்பிடம் என்று விரித்தால் உலகமெல்லாம் அவனுக்குள். நாரங்களை இருப்பிடமாக உடையவன் என்று அன்மொழித்தொகையாக விரித்தால் அவன் உலகத்துக்குள். முன்னது அவனுடைய உயர்வைக் காட்டும், பின்னது எளிமையைக் காட்டும். ஆசாரியர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். வேதகாலத்தில் இந்த வசதி கிடையாது. தொகையின் வகையைத் தொனியே காட்டிக்கொடுத்துவிடும். இந்திரசத்ரு என்ற சொல்லைத் துவஷ்டா தவறான இடத்தில் எடுத்துச் சொன்னதால் ‘இந்திரனைக் கொல்பவன்’ என்பது ‘இந்திரனைத் தன்னைக் கொல்பவனாக உடையவன்’ என்றாகி, விருத்திரன் மாண்டான் என்ற கதையை இலக்கண ஆசிரியர்கள் சலிக்காமல் சொல்வார்கள். பேச்சிலிருந்து அந்தத் தொனி மறைந்த பிறகுதான் தொகைக்குள் இரண்டு பொருள் சுகமாகக் குடியிருக்க முடிந்தது.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பெரிய மறுப்பு. இலக்கணம் திண்ணையை மட்டும் தருகிறது என்று ஏன் அடக்கிச் சொல்லவேண்டும், சிந்தனையையே அதுதான் வார்க்கிறது என்று சொல்லிவிடலாமே? 1958-இல் பிரெஞ்சு மொழியியலாளர் எமீல் பென்வெனிஸ்ட், அரிஸ்டாட்டில் வகுத்த பத்துப் பதார்த்தங்களும் கிரேக்க மொழியின் பெயர், வினை வகைகளே என்று காட்டினார். ‘இருத்தல்’ என்ற தத்துவமே கிரேக்கத்தில் அந்த ஒரு வினைச்சொல் பல வேலை செய்ததால் பிறந்தது. ஆப்பிரிக்காவின் எவே மொழியில் அந்த வேலைகளை ஐந்து வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்றார். தமிழன் இதைக் கேட்டதும் துள்ளிக் குதிப்பான். நமக்கு ‘இல்லை’ வேறு, ‘அல்ல’ வேறு. ‘அது கடவுள் அல்ல’ என்பவன் பக்தனாகவும் இருக்கலாம். ‘கடவுள் இல்லை’ என்பவன் கதை வேறு. அதைவிடப் பெரிய விருந்து வைக்கிறது உடைமை. ஆங்கிலத்தில் வீட்டை உடையவன் எழுவாயாக முன்னே வந்து நிற்கிறான். வீடு அவனுடைய செயப்படுபொருள். தமிழில் ‘எனக்கு வீடு இருக்கிறது’. எழுவாய் வீடு, நான் ‘கு’ ஏற்று ஓரமாக நிற்கிறேன். ‘எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும்’ என்று உள்ளத்தில் நடப்பதிலும் நான் செய்பவனாக இல்லை, வந்துசேரும் இடமாக இருக்கிறேன். தொல்காப்பியர் ‘கு’வை எதையும் ஏற்றுக்கொள்ளும் வேற்றுமை என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். அடுத்து ‘அடியேன்’. வடமொழியில் ‘தாஸோஹம்’ என்று இரண்டு சொற்கள் வேண்டும். முதல் எழுத்தைச் சுரண்டிவிட்டால் ‘ஸோஹம்’, ‘நானே அவன்’ என்று மாற்றுக் கட்சிக்குப் போய்விடும். தமிழின் ‘அடியேன்’ ஒரே சொல். அதில் ‘அடி’யை எடுத்துவிட்டால் எஞ்சும் ‘ஏன்’ ஒரு விகுதி, தனியே நிற்காது. உறவிலிருந்து பிரித்தால் ‘நான்’ என்று ஒன்று நிற்கமாட்டாது என்ற விசிஷ்டாத்வைதக் கொள்கை, அபிருதக்சித்தி, ஒரு விகுதிக்குள் அடங்கிவிட்டதுபோல் தோன்றும். ஆகவே சரணாகதி தமிழ் இலக்கணத்தின் குழந்தை என்று எழுதிவிடலாம்.

எழுதக்கூடாது என்பதே என் கட்சி. ‘அடியேன்’ எந்த அச்சில் வார்க்கப்பட்டதோ அதே அச்சில்தான் ‘வல்லேன்’, ‘உடையேன்’ என்ற சொற்களும் வார்க்கப்பட்டன. ‘நான் சொத்துக்காரன்’ என்று மார்தட்டவும் அதே விகுதி வளைந்துகொடுக்கும். ‘எனக்குத் தெரியும்’ என்பதில் பணிவு இருக்கிறது என்று எந்தத் தமிழனும் நம்பமாட்டான். தினமும் அந்த வாக்கியத்தைக் கேட்டுத் தலைவலி வாங்குகிறவர்கள் நாம். சைவர்களும் ‘அடியேன்’ என்கிறார்கள். சுந்தரரின் திருத்தொண்டத்தொகை அந்தச் சொல்லின்மேல்தான் நடக்கிறது. ஆனால் அவர்களுடைய பதி, பசு, பாசக் கணக்கு வேறு. மறுபக்கம், ஒரே வடமொழியில், ஒரே வாக்கியத்திலிருந்து மூன்று தரிசனங்கள் கிளம்பியதை மேலே பார்த்தோம். அச்சு சிந்தனையை வார்ப்பதானால் மூன்று வார்ப்புகள் எப்படி வரும்? ஆகவே ‘கு’ தமிழனைப் பக்தன் ஆக்கவில்லை. அது செய்தது வேறு வேலை. வடமொழி மறைத்ததைத் தமிழ் வெளியே வைத்தது. திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் நம்மாழ்வார் ‘தனக்கே’ என்கிறார். திருப்பாவையின் 29-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் ‘உனக்கே’ என்கிறாள். உருபும் ஒலிக்கிறது, பிரிநிலை ஏகாரமும் ஒலிக்கிறது. பிரணவத்தின் ‘அ’வில் ஏறிக் கழிந்ததும், ‘உ’ என்ற ஒற்றை எழுத்துக்குள் சுருண்டதும் இங்கே அரங்கத்தில் நிற்கின்றன. மறைந்த உருபு நான்காம் வேற்றுமைதான் என்பதற்கு ஆசாரியர்கள் சொல்லும் காரணம், பிரணவம் பின்வரும் நாராயண பதத்தின் சுருக்கம் என்பது; விரிவில் இருப்பது சுருக்கத்திலும் இருக்கவேண்டும். அது சரியான காரணமே. ஆனால் பாசுரங்களின் ‘உனக்கே’ காதில் நின்றிராவிட்டால், அந்த உருபை ‘உ’வோடு சேர்த்துத் தேடவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். உபய வேதாந்தம், அதாவது வடமொழி, தமிழ் என்னும் இருமொழி வேதாந்தம், என்று அவர்கள் தங்களை அழைத்துக்கொண்டதை மரியாதைக்காகச் சொன்ன பெயராக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மொழி விட்ட மௌனத்தை இன்னொரு மொழியின் பேச்சால் நிரப்பிப் படிக்கும் முறைக்கு அதுவே பெயர்.

அப்படியானால் விடையை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு, பிறகு இலக்கணத்தை வக்கீலாக அமர்த்திக்கொண்டார்கள் என்றுதானே ஆகிறது? பாதி உண்மை. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் எந்தத் தனியனை, அதாவது ஆசாரியர் துதியை, ஓதுவது என்று ஸ்ரீவைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறியதில் உருபைவிட உரிமையும் மரியாதையும்தான் பெரியவை. மனிதர்கள் முடிவு செய்துவிட்டுத்தான் காரணம் தேடுகிறார்கள். ஆனால் இந்த வக்கீல் கட்சிக்காரர் சொன்னபடியெல்லாம் ஆடுபவர் அல்லர் என்பதற்குப் பெரிய காஞ்சிக் குமரகோட்டத்தில் ஒரு கதை இருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியருக்குக் கந்தபுராணத்தின் முதலடியை முருகனே எடுத்துக்கொடுத்ததாக ஐதிகம். முதற்சொல் ‘திகடசக்கர’. அரங்கேற்றத்தில் ஒரு புலவர் எழுந்தார். திகழ், தசக்கரம் என்ற இரண்டும் புணர்ந்து ‘திகட’ என்று ஆக எந்த விதி இருக்கிறது, தொல்காப்பியத்தில் இல்லையே என்றார். முருகன் சொன்ன அடி என்று சொல்லியும் சபை ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒரு புலவர் வீரசோழியத்தை விரித்து, சந்திப்படலத்தில் உள்ள விதியைக் காட்டினார்; அவர் முருகனே என்பது கதையின் முடிவு. வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பெயரால் புத்தமித்திரனார் செய்த நூல். பௌத்தர் செய்த இலக்கணம். சைவக் கடவுள், தன் சொந்த வாக்கைத் தன் சொந்தக் கோயிலில் காப்பாற்ற, ஒரு பௌத்தருடைய நூலைச் சாட்சிக்குக் கொண்டுவருகிறார். கதை நடந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. இப்படி ஒரு கதையைக் கட்டி, தலைமுறைகளாகப் பெருமையாகச் சொல்லிவந்த ஊர், தெய்வ வாக்கும் புணர்ச்சி விதிக்குக் கீழேதான் என்று மனதார நம்பியிருக்கிறது. நன்னூல் செய்த பவணந்தி சமணர். அதைச் சைவ மடங்கள் பாடமாக வைத்தன. சமயங்கள் ஒன்றை ஒன்று மறுக்க முடிந்ததே, ஒருவர் நூலை மற்றவர் இலக்கணமாக ஏற்றுக்கொண்டதால்தான். விருப்பம்போல் வளையும் கருவியாக இருந்தால் மாற்றார் அதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

மௌனம் இருக்கும் இடம் மொழிக்கு மொழி மாறும் என்பதால், மொழிபெயர்ப்பு என்பது சண்டையை ஒரு திண்ணையிலிருந்து எழுப்பி இன்னொரு திண்ணைக்கு அனுப்புவதாகிவிடுகிறது. திருமந்திரத்தை ஆங்கிலத்தில் படிக்கும் ஒரு வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு ‘நாராயணனுக்கு வணக்கம்’ என்ற பொருளே கிடைக்கும். ஆங்கிலத்தில் வணக்கத்துக்கு ஒரு முன்னிடைச்சொல்லும், ‘பொருட்டு’க்கு வேறொரு முன்னிடைச்சொல்லும் உண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத முடியாது. முன்னதை எழுதிவிட்டால், பாணினி விதியைக் கையில் வைத்திருந்த நம் மறுப்பாளர் வாதமே செய்யாமல் வென்றுவிடுகிறார். பின்னதை எழுதினாலும் தப்ப முடியாது. பிரணவத்திலும் நாராயண பதத்திலும் ஒரே உருபுதான். ஆனால் ஆசாரியர்கள் முதலாவதை உள்ளதைச் சொல்வதாகவும், இரண்டாவதை வேண்டுவதாகவும் கொண்டார்கள். நான் அவனுக்கே உரியவன். அவனுக்கே பணிசெய்பவனாக நான் ஆகவேண்டும். வினையே இல்லாத வாக்கியம் என்பதால் வடமொழி இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இருந்துவிட்டது. தமிழும் ‘நான் நாராயணனுக்கே’ என்று வினையை விழுங்கிவிட்டு நிற்க இடம் தரும். ஆங்கில வாக்கியத்துக்கு வினை வேண்டும், வினைக்குக் காலம் வேண்டும். இருக்கிறேன் என்பதா, இருப்பேனாக என்பதா என்று அங்கேயே முடிவு செய்தாகவேண்டும். ‘செய்த’ பெருமாளுக்கும் ‘காரி’க்கும் இடையே திருவெஃகாவில் நின்ற கேள்வி, ஒரு துணைவினையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவனுடைய மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.